பொட்டு வைத்த கேஸ் தோங்

போன மாதம் எங்கள் பழைய வாகனப் பரிசோதனை நிலையத்தில் ஒரு சின்ன விருந்து. பேட்டரியில் ஓடும் காடிகளைச் சோதிக்கும் பயிற்சியை முடித்த பிள்ளைகள், ஓய்வு பெற்ற எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மீகூன் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவன் கேட்டான்: "அண்ணே, கேஸ் வண்டி லேன்ல நீங்கதான் ரொம்ப நாளா இருந்தீங்களாமே. இப்ப அதயே நிப்பாட்டிட்டாங்க. கவலையா இல்லையா?"

எனக்கு எதற்குக் கவலை? அந்த வண்டிகள் ஓடிய காலம் வரைக்கும் நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. அவனிடம் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனது அதையே சுற்றியது. எழுதிவிட்டால் இறங்கும் என்று எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் இயற்கை எரிவாயுத் தோங் ஒன்றைப் பூட்டி, இரண்டிலும் ஓடுகிற மாதிரி மாற்றினால் அதுதான் கேஸ் வண்டி. உருளை, சிலிண்டர் என்றெல்லாம் எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, தோங்தான். இதில் புகை குறைவு, செலவும் குறைவு என்று அரசாங்கம் சாலை வரியில் சலுகை கொடுத்தது. டாக்சிக்காரர்களும் பள்ளி வேன்காரர்களும் ஆசைப்பட்டார்கள். பிறகு தோங்குகளெல்லாம் பழசாகி ஆபத்து வரும் நிலையில், இனி இந்த வண்டியே வேண்டாம் என்று அதே அரசாங்கம் மூடியது. இப்போது பேட்டரி காடிக்கு வரி இல்லை என்கிறார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது. சலுகை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்கு அரிக்கும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். என் உத்தியோகமே பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான்.

நான் பிறந்தது திகாம் பத்து பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தொழில் பள்ளியில் மெக்கானிக் வேலை படித்தேன், சில காலம் லாரி கம்பெனியில் கிரீஸ் பூசினேன், பிறகு இந்த நிலையத்தில் சேர்ந்தேன். பிரேக் லேன், புகை லேன், வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் குழி என்று சுற்றிக் கடைசியில் கேஸ் லேனில் நிறுத்தினார்கள். யாரும் விரும்பாத லேன் அது. கேஸ் வண்டி என்றைக்காவது ஒரு நாள் கோர்ட்டு கேஸாகும், நமக்கு எதற்கு என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள்.

அங்கே வேலை இப்படி. வண்டி வந்து நின்றதும் முதலில் எஞ்சினை அணைக்கச் சொல்வேன். எல்லாக் கதவையும் திறந்துவிட்டுத் தோங்கைப் பூட்டியிருக்கும் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவேன். அசைந்தால் பேச்சே இல்லை, திருப்பி அனுப்பிவிடுவேன். பிறகு துருவைப் பார்ப்பேன். பட்டைக்கு அடியில்தான் துரு பிடிக்கும், மேலே பளபளவென்று இருக்கும். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று காத்திருப்பேன். அவசரப்படுகிற ஓட்டுநர் இருந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருப்பேன். கடைசியாக மூக்கு. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போய்விடும். அடுப்பு கேஸ் கனம், கசிந்தால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் நான் எப்போதும் குனிந்துதான் மோந்து பார்ப்பேன். கூட வேலை செய்தவர்கள் என்னை மோப்ப நாய் என்று கிண்டல் செய்தார்கள். நாயை ஏமாற்றுவது கஷ்டம் என்று பதில் சொல்வேன்.

எங்கள் மேலதிகாரி துவான் ஹாலிம். வெள்ளைச் சட்டை, முகம் தெரிகிற மாதிரி ஷூ. அவர் ஒரு வண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. குழிக்கு ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுப்பார். பசியாறியாயிற்றா, பிள்ளைகள் எத்தனை, மழை எப்படி என்று போகும் பேச்சு. நடுவில் சட்டென்று, "இசி டி மானா?" என்பார். எங்கே ஊற்றுகிறாய் என்று அர்த்தம். அந்த எரிவாயு ஊற்றுகிற நிலையம் எங்கள் பக்கம் கிடையாது, தெற்கே வெகுதூரம் போகவேண்டும். சலுகையை முதலில் கொடுத்தார்கள், நிலையத்தைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்பவன் சலித்துக்கொண்டு சொல்வான். சிரித்துக்கொண்டு சொன்னால் துவான் ஹாலிம் தன் காதைச் சொறிவார். மறுபடி பார் என்று எங்களுக்கு அது சைகை. யாரையும் ஃபெயில் என்று சொல்லமாட்டார், "டாத்தாங் லாகி" என்பார். மறுபடி வா என்றுதான் அர்த்தம், ஆனால் கேட்டவன் முகம் சுருங்கிப் போகும்.

அவரிடம் நான் வேலை கற்றுக்கொண்டது உண்மை. அவரை நம்பவில்லை என்பதும் உண்மை. அத்தனை சுத்தமான ஷூ போட்டவரை நான் எப்படி நம்புவது?

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் லெட்சுமி தன் பள்ளி வேனைக் கொண்டுவந்தாள். கணவனை இழந்தவள், தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்கித்தான் பிழைப்பு. வேன் நின்றால் அடுப்பும் நிற்கும். பின் சீட்டுக்கு அடியில் தோங் சரியாகப் பூட்டியிருந்தது. அதன் தோள் பக்கத்தில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு. யாரோ நிறையக் குழைத்து வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் வழிந்து வால் மாதிரி காய்ந்திருந்தது.

"தோங்குக்குமா பொட்டு?" என்றேன்.

"நான் வைக்கலண்ணே. மணியம் அண்ணன் பெங்கெல்ல வச்சது. அங்க ஸ்பேனருக்குக்கூட பொட்டு வச்சிருக்காங்க."

மணியம் திகாம் பத்துவில் பெங்கெல், அதாவது வண்டிப் பட்டறை, வைத்திருப்பவன். கேஸ் மாற்றித் தருவதில் அவன்தான் அந்த வட்டாரத்துக்கே ராஜா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், எங்கே பார்த்தாலும் தோளில் கை போட்டு தே தண்ணீர் வாங்கிக் கொடுப்பான். வண்டியில் குறை எதுவும் இல்லை. பாஸ் போட்டு அனுப்பினேன்.

சில நாள் கழித்து அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கிலிருந்து ஒரு டாக்சி வந்தது. பாக் டின் என்ற வயதான மலாய்க்காரர். அலோர் ஸ்டாரிலேயே நிலையம் இருக்க, இத்தனை தூரம் ஏன் வந்தார்? மகளைப் பார்க்க வந்தேன், அப்படியே இதையும் முடித்துவிடலாம் என்று சிரித்தார். துவான் ஹாலிம் அன்றைக்குக் குழிப் பக்கம் இல்லை. நான் டாக்சியின் பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்தேன்.

சந்தனம், குங்குமம், வழிந்து காய்ந்த அதே வால்.

"பாக், இது என்ன?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "சம்பல் கொட்டியிருக்கும். வீட்டுக்காரி கட்டிக்கொடுத்தாள்," என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி டார்ச் அடித்தேன். தோங்கில் எண் பொறித்த தகடு இருக்கும். அது லெட்சுமி வேனில் பார்த்த எண் இல்லை, வேறு எண்ணாகத்தான் இருந்தது. ஆக, வண்டிக்கு வண்டி தகட்டை மாற்றத் தெரிந்த மணியத்துக்குத் தான் கும்பிட்டு வைத்த பொட்டை அழிக்க மனம் வரவில்லை. அல்லது அது கண்ணிலேயே படவில்லை. நம் வீட்டில் பொட்டு இல்லாத இரும்பைத்தானே நாம் கவனிப்போம். பரிசோதனை நாளுக்கு மட்டும் இந்த நல்ல தோங்கை வாடகைக்கு விடுகிறான். அப்படியானால் மற்ற நாட்களில் இந்த வண்டிகள் எதில் ஓடுகின்றன? லெட்சுமி வேனில் ஏறும் பிள்ளைகள் எதன் மேல் உட்கார்ந்து போகிறார்கள்?

பாக் டின்னை டாத்தாங் லாகி என்று அனுப்பிவிட்டு நேராக துவான் ஹாலிம் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோது கதவு திறந்தது. உள்ளேயிருந்து மணியம் வந்தான், வாயெல்லாம் சிரிப்பு. என் தோளைத் தட்டி, "என்னா லா, வேலையா? பொறவு பாப்போம்," என்று போய்விட்டான். உள்ளே துவான் ஹாலிம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குறி பார்க்கிற மாதிரி இருந்தது.

"என்ன விஷயம்?" என்றார்.

"ஒன்றுமில்லை துவான்," என்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் வேலைப் பட்டியலில் என்னை கேஸ் லேனிலிருந்து தூக்கி பிரேக் லேனில் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டதற்கு, மாற்றம் நல்லது என்றார் துவான் ஹாலிம். வேலியே பயிரை மேய்கிறது என்று முடிவு கட்டினேன். என் வாழ்க்கையில் அத்தனை உறுதியாக நான் எதையும் நம்பியதில்லை.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் மேலே போகும் வழியெல்லாம் அவர் வழிதான். வாயை மூடிக்கொண்டிருந்தால், என்றைக்காவது ஒரு நாள் பத்திரிகையில் அந்த வேனின் படம் வரும், அதற்குப் பாஸ் போட்டவன் நான்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காலையில் தமிழ்ப்பள்ளி வாசலில் போய் நின்றேன். லெட்சுமியின் வேன் வந்தது. கதவு திறந்ததும் நான் முதலில் செய்தது குனிந்து தரையோரம் மோந்தது. பிள்ளைகளின் புளிச்சாதம், ரப்பர் ஷூ, அதற்கெல்லாம் கீழே அந்த வாடை. நம் வீட்டு அடுப்படி வாடை.

"அண்ணே, ரோட்டுல வச்சி என்னா செக்கிங்கு?" என்றாள் லெட்சுமி.

"சாவிய எடு. எஞ்சின் ஓடக்கூடாது. பிள்ளைங்கள எறக்கு, கேட்டுக்கு உள்ள போகட்டும்."

"என்னாண்ணே ஆச்சி?"

"எறக்கு மொதல்ல."

என் குரலைக் கேட்டுப் பிள்ளைகளே இறங்கத் தொடங்கினார்கள். பின் சீட்டில் இருந்த சிறுமி மட்டும் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். "கவிதா, எறங்குமா," என்று லெட்சுமி கையை நீட்டினாள். அவளுடைய மகள். அந்தச் சீட்டைத் தூக்கினேன். கீழே ஒரு பழைய கைலியால் மூடி, சைக்கிள் டியூபால் கட்டி, சமையல் கேஸ் தோங் இருந்தது. வால்வு பக்கம் காதை வைத்தால் மெல்ல சீறுகிற சத்தம்.

"நான் பாஸ் போட்ட தோங் எங்க?" என்று கேட்டேன்.

"அது மணியம் அண்ணன்கிட்ட இருக்கு. அது செக்கிங் தோங்குண்ணே, இது ஓடுற தோங்கு. எல்லாருக்கும் அப்பிடித்தானே?"

ஸ்டூடியோவில் படம் எடுக்கக் கோட்டு இரவல் வாங்குகிற மாதிரி சொன்னாள். முகத்தில் பயமோ திருட்டுத்தனமோ எதுவும் இல்லை.

"இது அடுப்பு கேஸு லெட்சுமி. வெடிச்சா ஒரு பிள்ளை மிஞ்சாது."

"கேஸ் கேஸுதானே? கேஸ் வண்டிக்கு கவர்மெண்டே சலுக குடுக்குதுன்னு போஸ்டர்லயே போட்டிருக்கே. அடுப்பு கேஸ் மட்டும் வேற சாதியா?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் அவளைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வாசலுக்கு வந்தேன். தெரிந்து செய்கிறவள் தன் மகளை அதன் மேல் உட்காரவைப்பாளா? சட்டம் எழுதியவர்களுக்கு அது இயற்கை எரிவாயு, இது சமையல் எரிவாயு. எங்கள் வாயில் இரண்டுக்கும் ஒரே பெயர், கேஸ். அந்த ஒரு சொல்லுக்குள் புகுந்துகொண்டு மணியம் விளையாடியிருக்கிறான்.

பொம்பாவுக்குப் போன் செய்தேன். தீயணைப்பு வண்டி வரும் வரைக்கும் பக்கத்தில் யாரையும் விடவேண்டாம் என்றார்கள். பிறகு, ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, துவான் ஹாலிமுக்கும் போன் செய்தேன். வந்தால் ஒன்று தெரியும், வராவிட்டால் இன்னொன்று தெரியும் என்றுதான் நினைத்திருப்பேன்.

பொம்பாவுக்கு முன்னால் அவர் வந்தார். காடியைத் தூரத்தில் நிறுத்தி, போனைச் சீட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். கூடியிருந்த அப்பா அம்மாக்களைக் கையால் விரட்டினார். வேனின் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு உள்ளே மண்டியிட்டு, வால்வைப் பிடித்துத் திருகினார். அது இறுகிப் போயிருந்தது. நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து திருகித்தான் மூடினோம். சீறல் நின்றது.

வெளியே வந்து சாலையோரத்தில் உட்கார்ந்தோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "மணியம், கவான் அவாக்?" மணியம் உன் நண்பனா?

"தெரிந்தவன்தான். ஏன் துவான்?"

"அன்றைக்கு என் அறைக்கு வந்தானே, எதற்கு என்று தெரியுமா? எல்லாம் பேசியாகிவிட்டது, கேஸ் லேனில் இருப்பவர் எங்கள் ஆள், நீங்கள் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும் என்றான். உன் பெயரைச் சொன்னான். அதனால்தான் உன்னை லேன் மாற்றினேன்."

இத்தனை நாள் நான் அவரைப் பார்த்துக் குறித்து வைத்ததையெல்லாம் அவர் என்னைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். ஆத்திரம் வந்தது, வெட்கமும் வந்தது.

"நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன் துவான்," என்றேன்.

அவர் கிரீஸ் ஆன சட்டையைப் பார்த்தார். "நல்லது. நம் வேலையில் அது தேவை," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் ஒருவரையொருவர் முழுதாக நம்பினோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னைக் கேஸ் லேனுக்குத் திருப்பி அனுப்பினார்.

மணியத்தின் பெங்கெலைப் போலீசும் எங்கள் அதிகாரிகளும் போய் மூடினார்கள். பாக் டின் உட்பட அவனிடம் மாற்றிய வண்டிகளையெல்லாம் தேடிப் பிடித்தோம். சலுகையெல்லாம் பறிபோனது. லெட்சுமியின் வேன் உரிமமும் நிறுத்தப்பட்டது. வேறு வேன் வாங்கும் வரைக்கும் அவள் தொழிற்சாலைக் கேண்டினில் பாத்திரம் கழுவினாள். கோயில் திருவிழாவில் ஒருவர் என் காதுபடவே சொன்னார், "நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருந்தும் என்னா புண்ணியம்? நம்ம பொம்பளையயே காட்டிக் குடுத்துட்டான்." அவர் பேரனும் அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தான். அதை நான் சொல்லியிருந்தால் அவர் சாப்பிட்ட பிரசாதம் இறங்கியிருக்காது. லெட்சுமி மட்டும் பல மாதம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அது எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு ஓய்வு. இப்போது வீட்டில் இருக்கிறேன். மனைவி வாங்கிவரும் மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன், அவள் திட்டுகிறாள். பேட்டரி காடி மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. புகை இல்லாவிட்டால் என் நெஞ்சுக்கும் நல்லதுதான். வரி இல்லை, விலையில் கழிவு உண்டு என்று விளம்பரம் பார்க்கும்போது மட்டும், இதில் நம் ஜனம் எந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்ளும், அதற்குள் எந்த மணியம் புகுவான் என்று யோசிக்கிறேன்.

போன வாரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. லெட்சுமி. நரை விழுந்துவிட்டது. உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணே, பேட்டரி வேன் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ரோடு டெக்ஸ் கெடையாதாம், சலுகயெல்லாம் இருக்காம். நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்."

"எனக்கு பேட்டரிய பத்தி ஒண்ணும் தெரியாது லெட்சுமி. இப்ப படிச்ச பிள்ளைங்க இருக்காங்க, அவங்கள கேளு. நல்லா தெரிஞ்சவங்க."

"கேட்டாச்சிண்ணே. தெரிஞ்சவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க," என்றாள். "பிள்ளைங்கள ஏத்தப் போறேன். எனக்கு நம்பாத ஆளு ஒருத்தரு வேணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.